கமராவுக்கு முன்னாலும் நீங்கள், பின்னாலும் நீங்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், தம்மைத் தாமே படமெடுத்து அடையாளத்தையும் புலப்பெயர்வையும் பேசிய ஆபிரிக்கப் படப்பிடிப்பாளர்கள் பற்றி ஒரு பக்கக் குறிப்பு வந்தது. அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பலர் கேட்டிருப்பது, “நாங்களும் செய்யலாமா, எப்படி?” என்பதுதான். ஆகவே இம்முறை வரலாறு கொஞ்சம், கைவேலை கூட.

கேள்வி: ஆபிரிக்கப் படப்பிடிப்பாளர் சாமுவேல் ஃபோசோ 13 வயதிலேயே ஸ்ரூடியோ வைத்தார் என்று எழுதியிருந்தீர்கள். ஒருவரிடமும் படிக்காமலா? ஏன் தன்னையே படமெடுத்தார்?
— வாசகி, கோப்பாய்

அடியோடு படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. மத்திய ஆபிரிக்கக் குடியரசின் தலைநகரான பாங்கியில் ஒரு படப்பிடிப்பாளரிடம் ஐந்து மாதமளவில் வேலை பழகினார். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த பயிற்சி. கலைக்கல்லூரி வாசலை மிதித்தவரல்லர்.

ஃபோசோ 1962 இல் கமரூன் நாட்டின் கும்பாவில் பிறந்த இக்போ இனத்தவர். வளர்ந்தது நைஜீரியாவில், தாய்வழி மூத்தோரின் ஊரில். இக்போ மக்களின் பியாஃப்ரா பகுதி நைஜீரியாவிலிருந்து பிரிய முயன்றதால் 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போர் அந்த இனத்தைச் சிதறடித்தது. போர் முடிந்து, 1972 இல் உறவினர் ஒருவருடன் பாங்கிக்கு வந்தார். 1975 இல் சொந்த ஸ்ரூடியோ திறந்தார். கலியாணப் படம், கடவுச்சீட்டுப் படம், பிள்ளைகளின் படம் என்று எங்கள் ஊர் ஸ்ரூடியோக்கள் செய்த அதே வேலைதான்.

தன்னைப் படமெடுத்ததற்குத் தொழில் காரணம் ஒன்று உண்டு. வாடிக்கையாளருக்குப் படத்தைச் சுணங்காமல் கொடுக்க வேண்டும். சுருள் முடியாவிட்டாலும் அன்றிரவே கழுவியாக வேண்டும். மிஞ்சிய சில படங்களை வீணாக்காமல், கடையைப் பூட்டிய பிறகு திரையின் முன் தானே நின்றார். எடுத்தவற்றை நைஜீரியாவில் இருந்த பாட்டிக்கு அனுப்பினார். நான் உயிரோடு இருக்கிறேன், வளர்ந்துவிட்டேன், நன்றாக உடுத்துகிறேன் என்று சொல்லும் கடிதங்கள் அவை. ரொறன்ரோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் புதுக் கோட்டு அணிந்து, வேறு யாருடையதோ காருக்கு அருகில் நின்று எடுத்து அனுப்பிய படங்கள் இங்கே எத்தனை வீட்டு அலுமாரிகளில் கிடக்கின்றன என்பதை நினைத்தால், ஃபோசோ தூரத்து மனிதராகத் தெரியமாட்டார்.

1994 இல் மாலியின் பமாகோவில் நடந்த முதலாவது ஆபிரிக்கப் புகைப்பட விழாவில் இந்தப் படங்கள் வெளியுலகுக்குத் தெரிந்தன. 2008 இல், கறுப்பின உரிமைக்குக் குரல் கொடுத்த மல்கம் எக்ஸ், முகமது அலி, அஞ்சலா டேவிஸ் முதலியோராகத் தானே வேடமிட்டு ஒரு வரிசை எடுத்தார். 2014 இல் பாங்கியில் நடந்த கலவரத்தில் அவருடைய வீடு சூறையாடப்பட்டது. வீதியில் கொட்டிக் கிடந்த நெகற்றிவ்களைப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் பொறுக்கிக் காப்பாற்றினார்கள். அப்படி நெகற்றிவ்களைப் பொறுக்க ஒருவரும் இல்லாமல் போன ஸ்ரூடியோக்கள் எங்கள் பக்கத்தில் பல.

ஃபோசோவிடமிருந்து கைவேலையாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: எண்ணிக்கைக்கு எல்லை வையுங்கள். அந்த ஆரம்பப் படங்கள் சதுரமானவை. 120 வகைச் சுருளில் சதுரமாக எடுத்தால் மொத்தம் 12 படங்கள்தான் கிடைக்கும். நீங்களும் ஓர் அமர்வுக்கு 12 என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் முன் கையின் இடம், பார்வை, உடையின் மடிப்பு ஆகியவற்றை முடிவு செய்துவிட்டு அழுத்துங்கள். நானூறு படம் எடுத்துவிட்டுப் பிறகு தேடுவதில் முகம் களைத்துப்போகும், முடிவும் மங்கும்.

கேள்வி: என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. போதுமா?
— மாணவர், சாவகச்சேரி

போதும். ஆனால் முன்பக்கக் கமராவை விட்டுவிடுங்கள். கையை நீட்டி எடுக்கும்போது முகத்துக்கும் வில்லைக்கும் இடையில் இரண்டடிகூட இல்லை. அந்தத் தூரத்தில் மூக்கு பெருக்கும், காது பின்வாங்கும். இது தூரத்தால் வரும் கோளாறு, விலைகூடிய போனிலும் வரும். பல போன்களில் முன்கமரா இடம்வலத்தை மாற்றியும் சேமிக்கும். சீலைத் தலைப்பு தோள் மாறிவிடும், எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறும். அமைப்புகளுக்குள் போய் அதை நிறுத்தலாம்.

பின்கமராவை முகத்திலிருந்து ஆறடி தூரத்தில், நெஞ்சு உயரத்தில் நிறுத்துங்கள். தாங்கி இல்லாவிட்டால் கதிரைமேல் புத்தகங்களை அடுக்கி, போனின் அடியில் அரிசி நிரப்பிய சிறு துணிப்பையை வைத்தால் ஆடாது. இரண்டு மடங்கு வில்லை இருந்தால் அதையே பாவியுங்கள். ரைமரை 10 விநாடியில் வையுங்கள். 3 விநாடியில் ஓடிப்போய் நின்றால் மூச்சு வாங்கும் முகம்தான் பதியும். உங்களுக்கு எதிரே, கமராவுக்குப் பின்னால் ஒரு நிலைக்கண்ணாடியை நிறுத்தினால் திரை தெரியாத குறையும் தீரும்.

இன்னொன்று முக்கியம். பல போன்களில் ‘அழகூட்டல்’ தானாகவே இயங்கும். தோலை வழித்து வெளுப்பாக்கும். அடையாளத்தைப் பற்றிப் படமெடுக்கப் போகிறவர் முதலில் அணைக்க வேண்டியது அதைத்தான்.

கேள்வி: வெள்ளைச் சுவரின் முன் நின்றால் கண்ணும் பல்லும் மட்டும் தெரிகின்றன. பிறகு வெளிச்சத்தைக் கூட்டினால் முகம் சாம்பல் பூத்ததுபோல் வருகிறது. என் நிறம் படத்துக்குச் சரிவராதா?
— வாசகர், நெல்லியடி

உங்கள் நிறத்தில் ஒரு குறையும் இல்லை. குறை முழுவதும் கமராவின் கணக்கில் இருக்கிறது.

கமராவின் ஒளிமானி, தான் பார்ப்பது எதுவானாலும் அதை ஒரு நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். படச்சட்டத்தில் பெரும்பகுதி வெள்ளைச் சுவரானால், வெளிச்சம் கூடிப்போச்சு என்று கணக்கிட்டு எல்லாவற்றையும் இருட்டாக்கும். சுவர் சாம்பலாகும், முகம் கரியாகும். பிறகு நீங்கள் செயலியில் வெளிச்சத்தைக் கூட்டும்போது, பதியாமல் விடப்பட்ட நிழலிலிருந்து நிறத்தை இழுக்கப் பார்க்கிறீர்கள். அங்கே நிறம் இல்லை, குறுமணல் தூவியதுபோன்ற புள்ளிகள்தான் இருக்கின்றன. சாம்பல் பூப்பது அதனால்தான். ஆகவே திருத்தம் எடுக்கும்போதே நடக்க வேண்டும்.

போனில் உங்கள் கன்னம் வரும் இடத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்துப் பூட்டுங்கள். பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். கமராவானால், வெள்ளைச் சுவருக்கு முன் கூட்டல் 1 ஸ்ரொப், அதாவது ஒளியை இரண்டு மடங்காக்கும் அளவு. ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் புள்ளி அளவீட்டில் நேரே கன்னத்தை அளந்தால் எதிர்ப்பக்கத் தவறு வரும்: கமரா கருந்தோலைச் சாம்பல் நிறத்துக்கு வெளிறடிக்கும். அப்போது கழித்தல் 1 அளவில் தொடங்கிப் பாருங்கள். கமரா பதிந்ததைச் சுருக்காமல் திருத்தாமல் வைக்கும் ‘றோ’ கோப்பாகச் சேமிக்கும் வசதி இருந்தால் பாவியுங்கள்.

அதைவிடச் சுலபமான வழி, சுவரையே மாற்றுவது. மாலியின் படப்பிடிப்பாளர் செய்டூ கெய்த்தா தானே கற்றவர். 1940களின் பிற்பகுதியில் பமாகோவில் ஸ்ரூடியோ தொடங்கியபோது அவர் முதலில் தொங்கவிட்ட பின்திரை தன் கட்டில் விரிப்புத்தான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை துணியை மாற்றியதால், எந்தத் துணி தெரிகிறது என்று பார்த்தே அவருடைய படங்களின் காலத்தைக் கணிக்க முடிகிறது. உங்கள் வீட்டில் சாறம், பழைய சீலை, பன்பாய், கிடுகு எதுவும் ஆகலாம். நிறம் நடுத்தரமாக இருக்கட்டும். துணியை ஈரத்தோடு இறுக்கிக் கட்டிக் காயவிட்டால் மடிப்புக் கோடு போய்விடும். துணிக்கும் உங்களுக்கும் நான்கடி இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் நிழல் அதில் விழும்.

இனி வெளிச்சம். கருந்தோலுக்கு வடிவம் கொடுப்பது அதன்மேல் விழும் பளபளப்பு. கன்னமேடு, மூக்கின் முதுகு, தோள்பட்டை ஆகிய இடங்களில் ஒளி மெல்லிய கோடாக மின்னினால் முகம் திரண்டு எழும். முன்னாலிருந்து பிளாஷ் அடித்தால் நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் விழுந்து மற்ற எல்லாம் தட்டையாகும். ஆகவே ஒளி பக்கவாட்டில், பெரிய பரப்பிலிருந்து வர வேண்டும். யன்னலிலிருந்து மூன்றடி தள்ளி, அதற்கு அரைவாசி திரும்பி நில்லுங்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளை ரிஜிபோம் தட்டை இரண்டடி தூரத்தில் நிறுத்தினால் நிழல் பக்கமும் உயிர்பெறும். கடைகளில் ரிவி வரும் பெட்டிக்குள் இருப்பதே போதும்.

புத்தகங்களில் “வடக்கு யன்னல் ஒளியே சிறந்தது” என்று படித்திருப்பீர்கள். அது ஐரோப்பாவில் எழுதியது. யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நண்பகற் சூரியன் எங்கள் உச்சிக்கு வந்து, அதன் பிறகு ஓகஸ்ட் கடைசி வரை வடக்குப் பக்கமாகவே நிற்கும். அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு யன்னலில் வெய்யில் நேரே விழும். அப்போது தெற்கு யன்னலுக்கு மாறுங்கள். செப்டெம்பரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை வடக்கு யன்னல் நம்பத்தக்கது. ஆழமான விறாந்தை உள்ள பழைய வீடானால் திசை பார்க்கவே தேவையில்லை. விறாந்தையின் உள்விளிம்பில், முற்றத்தைப் பார்த்து நின்றால் எந்த மாதத்திலும் நல்ல ஒளி. ஆனால் முற்றத்தில் மரக்கறிப் பாத்தியோ வாழையோ அடர்த்தியாக இருந்தால் முகத்தில் பச்சை ஏறும். அறைச்சுவர் நீலமோ ரோசாவோ ஆனாலும் அதே வில்லங்கம். வெள்ளைத் துணியை அந்தப் பக்கம் தொங்கவிட்டால் சரியாகும்.

பகலில் அறை லைட்டை அணைத்துவிடுங்கள். யன்னல் ஒளியும் மின்குமிழ் ஒளியும் கலந்தால் முகத்தின் ஒரு பாதி மஞ்சள், மறு பாதி நீலம். இரவில் எல்.ஈ.டி. குமிழின்கீழ் எடுத்தால் படத்தில் குறுக்குப் பட்டைகள் விழுவதுண்டு. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், குமிழ் விநாடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 விநாடியில் வைத்தால் பெரும்பாலும் பட்டை மறையும்.

முகப்பவுடர் பூசாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத வெள்ளைத் தூள் கமராவில் சாம்பலாகத் தெரியும். வியர்வையைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கையிலும் கழுத்தெலும்பிலும் துளி தேங்காயெண்ணெய் தடவினால் ஒளி அழகாகப் பிடிக்கும்.

தென்னாபிரிக்காவின் சனேலே முஹோலி 2012 இலிருந்து எடுத்துவரும் தன்னுருவ வரிசையைக் கட்டாயம் பாருங்கள். இயல்பான ஒளியில் எடுத்து, பிறகு கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டித் தன் தோலை இருப்பதைவிடக் கறுப்பாக்கிக் காட்டுகிறார். துணிக்கிளிப்பையும் பாத்திரம் துலக்கும் கம்பிச்சுருளையும் தலையில் அணிகலனாக்குகிறார். அவருடைய தாய் வெள்ளையர் வீட்டில் வேலை செய்தவர். “கறுப்பாய் விழுந்துவிட்டேன்” என்று படத்தை அழிக்கும் பழக்கத்துக்கு இதைவிட நேரான மறுமொழி இல்லை.

கேள்வி: கமராவில் ரைமர் வைத்து எடுத்தால் சுவர் தெளிவாகவும் நான் கலங்கலாகவும் விழுகிறேன்.
— வாசகர், பருத்தித்துறை

பொத்தானை அழுத்தும் நேரத்தில் நீங்கள் சட்டத்துக்குள் இல்லை, கமரா கண்டது சுவரை மட்டும். நிற்கப்போகும் இடத்தில் தும்புத்தடியை நிமிர்த்திக் கட்டி, உங்கள் கண் உயரத்தில் எழுத்துள்ள ஒரு காகிதத்தை ஒட்டுங்கள். அதைக் குவியப்படுத்தியதும் லென்ஸை தானியங்கியிலிருந்து கைக்குவியத்துக்கு மாற்றிவிடுங்கள். நிலத்தில் கால்விரல் படும் கோட்டைச் சோக்கால் கீறிவிட்டு, தும்புத்தடியை எடுத்துவிட்டு அங்கே நில்லுங்கள்.

50 மி.மீ. லென்ஸின் துவாரத்தை எஃப் 1.8 இல் (எண் சிறிதானால் துவாரம் பெரிது) திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சிறிய உணரி உள்ள கமராவில், இரண்டு மீற்றர் தூரத்தில், அப்போது தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 11 செ.மீ. கொஞ்சம் முன்னே சாய்ந்தாலே கண் போய்விடும். எஃப் 5.6 இல் அது 35 செ.மீ. ஆகும். வெளிச்சம் குறைந்தால் ஒளியுணர்வு அளவான ஐ.எஸ்.ஓ.வை 800 வரை ஏற்றுங்கள், வேகத்தை 1/60 க்குக் கீழே விடாதீர்கள்.

கேள்வி: என் அப்பப்பாவின் கோட்டையும் தலைப்பாகையையும் அணிந்து, வெளிநாடு போன எங்கள் குடும்பத்தின் கதையைப் படமாக்க விருப்பம். பள்ளிக்கூட வினோத உடைப் போட்டிபோல் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
— வாசகர், வேலணை

பயப்படுவது நல்லதுதான். பழைய உடை மட்டும் இருந்தால் அப்படித்தான் ஆகும்.

செனகலின் ஒமர் விக்டர் டியொப் செய்ததைப் பாருங்கள். 1980 இல் டக்காரில் பிறந்தவர், நிறுவன வேலையிலிருந்து படத்துறைக்குத் தானாகக் கற்று வந்தவர். 2014 இல் வெளியான ‘டயஸ்போரா’ (புலம்பெயர்ந்தோர்) வரிசையை ஸ்பெயினின் மாலகாவில் தங்கியிருந்தபோது தொடங்கினார். ஆபிரிக்காவிலிருந்து கொண்டுபோகப்பட்டு வேற்று நாட்டில் பெயரெடுத்த மனிதர்களின் பழைய ஓவியங்களைப் போலத் தன்னையே உடுத்தி நிறுத்தினார். அடிமையாக விற்கப்பட்டு, பின்னர் பிரெஞ்சு மன்றத்தில் அங்கத்தவரான ஜோன் பப்ரிஸ்ற் பெலே அவர்களில் ஒருவர். எதியோப்பியாவில் பிறந்து, அடிமையாகத் தக்காணம் வந்து, அகமதுநகர் அரசைத் தாங்கி நின்று 1626 இல் இறந்த மாலிக் அம்பர் இன்னொருவர். இந்தக் கோலங்களோடு டியொப் சேர்த்தது காற்பந்து உலகின் பொருள்கள்: பந்து, விசில், கையுறை, நடுவரின் அட்டை. ஐரோப்பாவில் இன்று கோல் போட்டால் தோளில் தூக்கி, தவறவிட்டால் நிறம் சொல்லி ஏசப்படும் ஆபிரிக்க வீரர்களை அந்த ஒரு பொருள் உள்ளே கொண்டுவந்துவிடுகிறது. பழங்காலமும் இக்காலமும் ஒரே சட்டத்தில் மோதுகின்றன. படம் வேடமாகாமல் தப்புவது அங்கேதான்.

உங்கள் படத்துக்கும் இன்றைய பொருள் ஒன்று வேண்டும். ஒன்றே போதும், இரண்டானால் கடை பரப்பியதுபோல் ஆகும். பயணப்பெட்டியை எடுக்காதீர்கள், எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். புலப்பெயர்வின் பொருள்கள் உங்கள் வீட்டுக்குள்ளேயே கிடக்கின்றன. வெளிநாட்டுக்குப் பாசல் கட்டும் நாளை நினைத்துப் பாருங்கள்: மிளகாய்த்தூள், ஒடியல், பருத்தித்துறை வடை, பழுப்பு நிற ரேப்பால் நான்கு சுற்று, கொழுக்கியில் தொங்கும் தராசில் முள் 23 கிலோவைத் தாண்டும்போது திரும்பப் பிரித்து எதை வெளியே எடுப்பது என்று நடக்கும் வழக்கு. அப்பப்பாவின் கோட்டோடு அந்தத் தராசைக் கையில் பிடித்து நின்றால் கதை தானாக வரும்.

உடை பழையதானால் கவனமாயிருங்கள். கோட்டின் தையல் இற்றிருக்கும், உடலிலேயே கிழியும். முதலில் நிழலில் ஒரு நாள் உலரவிட்டு, அந்துருண்டை வாசம் போன பின் அணியுங்கள். அளவு பெரிதானால் பின்பக்கம் துணிக்கிளிப் போட்டு இறுக்கலாம், கமராவுக்குத் தெரியாது. ஆனால் எங்கள் எண்ணம், பெரிதாகவே விடுங்கள். தோள் நிரம்பாமல் தொங்கும் கோட்டு ஒரு தலைமுறைத் தூரத்தைச் சொல்லாமல் சொல்லும்.

உங்கள் கடிதத்தில் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சிலர் சீவல் தொழிலாளியின் தளைநாரையும் பாளைக்கத்தியையும் படத்துக்கு வடிவாயிருக்கும் என்று எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் குடும்பம் அந்தத் தொழிலின் பாட்டைச் சுமந்திராவிட்டால் அதைத் தொடாதீர்கள். ஃபோசோவும் டியொப்பும் எடுத்த கோலங்கள் தங்கள் சொந்த வரலாறு என்று அவர்கள் உரிமை கொண்டாடக்கூடியவை. டியொப் படத்தின் பெயரிலேயே அந்த மனிதரின் பெயரையும் வைத்தார்.

கேள்வி: அடையாள அட்டைப் படம்போலவே என்னை எடுத்து ஒரு வரிசை செய்யலாமா?
— வாசகி, காரைநகர்

நல்ல யோசனை. சோதனைச்சாவடிகளில் முகத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்க்க நின்ற தலைமுறைக்கு அந்தச் சின்னப் படத்தின் கனம் தெரியும். தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சி கறுப்பர்களுக்குத் திணித்த நடமாட்ட அட்டைகளுக்கு அமெரிக்காவின் பொலரொயிட் நிறுவனத்தின் அடையாளப் படக் கமராவைப் பயன்படுத்தினார்கள். 1970 இல் அந்நிறுவனத்தின் கறுப்பினத் தொழிலாளர்களான கரோலின் ஹன்ரரும் கென் வில்லியம்ஸும் அமெரிக்காவிலேயே போராட்டம் தொடங்கினார்கள். 1977 இல் நிறுவனம் தென்னாபிரிக்காவிலிருந்து விலகியது.

வேலைமுறை: 35×45 மி.மீ. விகிதம், சமமான முன்னொளி, ஒரே உயரம், ஒரே தூரம். எல்லாம் விறைப்பாக ஒன்றாக இருந்தால்தான் நீங்கள் மாற்றும் ஒரேயொரு விடயம் கண்ணில் குத்தும். அது பொட்டாகலாம், தலைமுடியாகலாம், கண்மூடி நிற்பதாகவும் இருக்கலாம். உண்மையான அட்டையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தால் இலக்கத்தையும் விலாசத்தையும் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு எடுங்கள். பிறகு செயலியில் மங்கலாக்கலாம் என்று விடாதீர்கள், மறந்துபோவீர்கள்.

கேள்வி: “பொம்பிளைப் பிள்ளை தன்னைத் தானே படமெடுத்துக்கொண்டு திரியுது” என்று வீட்டில் ஏச்சு. வெளியே காட்டவும் தயக்கம்.
— வாசகி, மானிப்பாய்

காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை, எடுப்பதை நிறுத்த வேண்டிய கட்டாயமும் இல்லை. முகம் இல்லாமலே தன்னுருவப் படம் எடுக்கலாம்: முதுகு, பின்னல், மருதாணி மங்கிய கை, சுவரில் விழும் நிழல். வீட்டில் பெரியவர் ஒருவரை பொத்தான் அழுத்தக் கூப்பிடுங்கள். அம்மம்மாவின் சீலையை அம்மம்மாவே மடிப்பு வைத்து உடுத்திவிடும்போது ஏச்சு பெரும்பாலும் கதையாக மாறிவிடும். அந்தக் கதையை எழுதி வையுங்கள், படத்தின் குறிப்பு அதுதான்.

கேள்வி: எடுத்த படங்களை எப்படிப் பாதுகாப்பது? கனடாவில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினால் தெளிவில்லை என்கிறா.
— வாசகர், நல்லூர்

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். அதே படத்தை ‘ஆவணம்’ என்ற வழியில் இணைத்து அனுப்புங்கள், முழு அளவில் போகும்.

அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று கணக்கு வையுங்கள். 8×12 அங்குலத்துக்கு 2400×3600 வேண்டும். கடையில் “நிறத்தைத் திருத்த வேண்டாம்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பழக்கத்தில் முகத்தை வெளுப்பாக்கிவிடுவார்கள். பளபளப்புத் தாளில் விரலடையாளம் விழும், மங்கல் தாள் கருந்தோலின் ஆழத்தைச் சற்றுக் குறைக்கும். இடைப்பட்ட ‘லஸ்ரர்’ தாள் கிடைத்தால் அதுவே நல்லது. லமினேற் செய்யாதீர்கள். ஒருமுறை உருகி ஒட்டினால் பிரிக்க முடியாது, விளிம்பால் ஈரம் புகுந்தால் படம் உள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். பசை பூசிய பக்கங்கள் உள்ள அல்பமும் ஆகாது. மூலை செருகும் வகை வாங்குங்கள்.

அச்சின் பின்புறத்தில் ஓரமாக, மெதுவான பென்சிலால் திகதி, இடம், யாருடைய உடை என்பதை எழுதுங்கள். வழுவழுப்பான தாளில் பென்சில் பிடிக்காவிட்டால் தனித் தாளில் எழுதிப் படத்தோடு ஒரே உறையில் வையுங்கள். பேனை மை மறுபக்கம் ஊறும். கோப்புகளை இரண்டு இடத்தில் வையுங்கள், அவற்றில் ஒன்று இந்த வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். அக்காவிடமே ஒரு பிரதியைக் கொடுத்துவிடலாம்.